மகாலிங்கம் திருத்தாத வரி

மகாலிங்கத்திடம் ஒரு பச்சை அட்டைப் புத்தகம் இருந்தது. ஆங்கில நாடகத்தையும் கவிதையையும் முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் உரைநூல். சிரம்பானில் வாங்கியது, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனை பக்கத்தையும் அவன் முற்றுப்புள்ளி காற்புள்ளியோடு ஒப்பிப்பான். அந்த உரை எந்த நாடகத்துக்கு எழுதப்பட்டதோ அந்த நாடகத்தை மட்டும் அவன் ஒழுங்காகப் படித்ததில்லை. விளக்கமே கையில் இருக்கும்போது நாடகம் எதற்கு என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

கேட்டுச் சிரிக்க வேண்டாம், அவன் வளர்ந்த விதம் அப்படி. அப்பா சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிரம்பான் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். வீட்டுக்கு அடுத்த தெருவில் கோயில். ஏழு வயதிலேயே மகாலிங்கம் பதிகங்களைப் பொருள் தெரியாமல் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பேனாவும் வெள்ளிச் சிமிழும் பரிசு வாங்கியவன். பொருள் பிறகு தானாக வரும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். சாமி காரியத்தில் வந்தாலும் வரலாம். சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் வரவில்லை. மற்ற பாடங்களில் எல்லாம் தேறியவன் ஆங்கில இலக்கியத் தாளில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டான். மூன்றாம் அங்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இவன் முதல் அங்கத்தின் விளக்கத்தை அட்சரம் பிசகாமல் எழுதிவிட்டு வந்து, நன்றாக எழுதினேன் என்று அப்பாவிடம் சொன்னான்.

ஐம்பத்தாறாம் வருஷம் அவனுக்கு இருபத்து நாலு வயது. ஆசிரியர் பயிற்சிக்கு இருபத்தைந்துக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். வாத்தியாராக வேண்டும் என்பது அவனுக்கு வெறும் உத்தியோக ஆசை இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போலக் கனவு வரும். கனவில்கூட நன்றாகப் பாடம் நடத்துவான். அந்த வருஷக் கடைசியில் வரும் பரீட்சையில் தேறினால் அந்தக் கனவு பலிக்கும். தேறாவிட்டால் ஆயுசு முழுக்க அவன் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிதான்.

லிங்கி ஆற்றை ஒட்டிய தோட்டம் அது. காகிதத்தில் அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. ஜனங்களுக்கு அது ஆத்தங்கரைத் தோட்டம். மகாலிங்கம் அங்கே சின்னக் கிராணி. வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலச் சட்டம் போட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூடக் கேட்டில் திறந்து பார்த்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் யாரும் அரிசி வைத்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொதுக் கொட்டகையில் சமைத்துச் சோறாகத்தான் கொடுப்பார்கள். சோறு மறுநாளே ஊசிப்போகும், அதைப் பதுக்க முடியாது என்பது அதிகாரிகளின் யோசனை.

சமைக்கும்போது அரிசி கைமாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். துரை சின்னக் கிராணியைப் போட்டார். காலை எட்டு மணிக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு மணி வரைக்கும் மகாலிங்கத்துக்கு வேலை நாலு பெரிய குவாலிகளை, அதாவது சோறு வேகும் இரும்புச் சட்டிகளை, பார்ப்பது. அரிசி வேகிறதைப் பார்ப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும்? பச்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். புகைக்குள் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

கொட்டகையில் சமையலுக்குத் தலைமை மயிலம்மாள். நாற்பதைத் தொடுகிற வயது. புருஷன் இறந்து, மகளை ரெம்பாவில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள். சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் கல்யாணம் என்றாலும் சோறு வடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தங்கராஜு என்று ஒரு தம்பி இருந்தான். நாற்பத்தெட்டில் தொழிற்சங்கத்தைத் தடை செய்தபோது ஒரு நாள் மரம் வெட்டப் போனவன் திரும்பி வரவில்லை. செத்துவிட்டான் என்று சிலர், இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். மயிலம்மாள் அவனைப் பற்றி நல்லதும் பேசுவதில்லை, கெட்டதும் பேசுவதில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் துடுப்பைக் குவாலி ஓரத்தில் சாத்திவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"கிராணி ஐயா, தெனமும் யாரையோ போட்டுத் திட்டிக்கிட்டே இருக்கீங்களே, யாரு அது?"

மகாலிங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. இது திட்டு இல்லை, கவிதை விளக்கம் என்றான். அப்படியானால் கவிதையைச் சொல்லுங்கள் என்றாள். ஆட்டுமந்தை மேல் பனி கொட்டுவதைப் பார்த்து ஒருவன் பாடியது அது. பனி என்றால் ஐஸ் கச்சாங்கில் துருவிப் போடுவார்களே, அது வானத்திலிருந்து விழுவது என்று விளக்கினான். உரைநூல் அதைப் பெரும் அமைதியின் அடையாளம் என்று சொல்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான். மயிலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். ஐஸ் தலையில் விழுந்தால் ஆடு விறைத்துச் சாகாதா, அதில் என்ன அமைதி, பார்த்தவன் வீட்டுக்குள் அடுப்போரம் உட்கார்ந்து பார்த்திருப்பான் என்றாள். மகாலிங்கம் சிரித்துவிட்டு விஷயத்தை விட்டுவிட்டான். வீட்டுக்குப் போய்க் கவிதையை எடுத்துப் பார்த்தால், பாடியவன் உண்மையிலேயே சன்னலுக்கு உள்பக்கம்தான் நிற்கிறான். உரைநூலில் சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு நாடகக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். இங்கேதான் அவன் வசமாக மாட்டிக்கொண்டான். உரைநூல் கதையை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டுக் குணச்சித்திரத்துக்குத் தாவிவிடும். மயிலம்மாளுக்கோ கதை வேண்டும். அந்தம்மா அப்போது எங்கே நின்றாள், அவள் புருஷன் என்ன சொன்னான், வேலைக்காரிக்கு விஷயம் தெரியுமா என்று துளைத்து எடுத்தாள். பதில் தெரியவில்லை என்று சொல்லக் கிராணிக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லுகிறேன் என்று தப்பித்து ஓடி, அகராதியை வைத்துக்கொண்டு நாடகத்தின் மூலத்தை வரி வரியாகப் படித்தான். இரண்டு பரீட்சை செய்யாத காரியத்தை ஒரு சமையல்காரியின் 'அப்புறம்?' செய்தது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று அவன் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

கதை இதுதான். ஒரு ராஜாவை எதிர்த்து ஒரு நகரம் கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. ராஜா படையோடு சுற்றி வளைத்து, உள்ளே ஒரு மணி தானியம் போகாமல் தடுக்கிறார். ராஜாவின் களஞ்சிய அதிகாரிக்கு ஒரு மனைவி. அந்தச் சீமாட்டியின் தம்பி நகரத்துக்குள், எதிரிகளோடு இருக்கிறான். சீமாட்டி புருஷனுக்குத் தெரியாமல் ரொட்டி அனுப்புகிறாள், பிடிபடுகிறாள். ஐந்தாம் அங்கத்தில் ராஜா, மன்னிப்புக் கேள், விட்டுவிடுகிறேன் என்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. அவளை நாடு கடத்துகிறார்கள். நாடகம் முடிந்தது.

முள்கம்பி வேலிக்குள், துப்பாக்கிக் காவலில் வேகும் சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையைச் சொல்கிறோமே என்று ஒரு நாளாவது மகாலிங்கத்துக்கு உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. படித்த பிள்ளை. அவனுக்கு அது இங்கிலாந்தில் நடந்தது. மற்ற சமையல்காரப் பெண்கள் கதையின் பாதியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவன் பார்த்தான். கதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டான்.

சீமாட்டி பாசத்துக்கும் கடமைக்கும் நடுவே தவிக்கும் பலவீனமான பெண், மன்னிப்புக் கேட்காதது அவளுடைய அகந்தை என்று உரைநூல் சொல்லியிருந்தது. அதை எழுதியவர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மகாலிங்கம் அதை மயிலம்மாளிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னான். அவள் குவாலிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அகந்தை என்னா அகந்தை. மாப்பு கேட்டா, தம்பிக்குச் சோறு குடுத்தது தப்புன்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்லா. இடுப்புல தூக்கி வளத்தவ அதச் சொல்லுவாளா? நாட்ட விட்டுப் போடின்னா போயிட்டுப் போறா."

பிறகு, அந்தத் தம்பி கடைசியில் என்ன ஆனான் என்று கேட்டாள். நாடகத்தில் சொல்லவில்லை என்றான் மகாலிங்கம். புத்தகம் எழுதுகிறவன் அதையல்லவா முதலில் எழுத வேண்டும் என்று கோபித்துக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும், மறந்தவள் போல, கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோதுதான் சின்னக் கிராணி தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கராஜு செத்தும் போகவில்லை, கப்பலும் ஏறவில்லை, காட்டுக்குள் இருக்கிறான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனான். அங்கே நாலு பாய் விரித்துக் காந்தல் காய்ந்துகொண்டிருந்தது. காந்தல் என்றால் குவாலி அடியில் பிடித்துக் கருகிப்போன சோறு. சோற்றை அளந்து கொடுத்தார்கள். அடியில் பிடித்த காந்தலை யாரும் அளப்பதில்லை. கோழிக்கு என்று சமையல்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். ஈரச் சோறு ஒரே நாளில் ஊசிவிடும். வெயிலில் கல்லாய்க் காய்ந்த காந்தலோ மாதக்கணக்கில் கெடாது. தண்ணீரில் போட்டால் மறுபடி சோறு. சட்டம் போட்ட பெரிய மூளைகளுக்கு இது தோன்றவில்லை, அவர்கள் யாரும் குவாலி சுரண்டியவர்கள் இல்லை. கல்யாணப் பந்திக்கு ஒரு பருக்கை அடிப்பிடிக்காமல் வடிக்கிறவளுக்கு, இங்கே மட்டும் தினமும் நாலு குவாலியும் ஏன் அடிப்பிடிக்கிறது? அவளிடம் இருந்த கோழி மொத்தம் மூன்று.

அந்தக் காந்தல் வேலியை எப்படித் தாண்டியது என்று மகாலிங்கம் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்கவில்லை, அதனால் எனக்கும் தெரியாது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டினான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவனும் குற்றவாளி. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அடுத்த வாரம், பத்து மணி வெயிலில் ஜீப் வந்து நின்றது. உணவுக் கட்டுப்பாட்டுக்கு என்று போட்டிருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். முரட்டு ஆள் இல்லை, ஆனால் கண் கூர்மை. அரிசி மூட்டையைப் பார்த்தார், குவாலியைப் பார்த்தார், பின்பக்கம் நடந்தார். பாய்களுக்கு முன்னால் நின்று, ஒரு காந்தலை எடுத்து உடைத்து, அது உடையும் சத்தத்தைக் கேட்டார். இது யாருடையது என்று கேட்டார்.

மகாலிங்கம் அதை மயிலம்மாளுக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை, கோழிக்கு என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் ஐந்தாம் அங்கம் முழுவதும் மகாலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. சிறை, பிறகு கப்பல், பிறந்ததிலிருந்து பார்த்தறியாத இந்தியாவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அவள் அதையெல்லாம் எப்போதோ யோசித்து முடித்துவிட்டு வந்து நிற்கிறாள் என்பதும் விளங்கியது.

தன் வாய் தானாகத் திறந்தது என்று அவன் பிற்காலத்தில் சொல்வான். ஐயா, அவை என்னுடையவை, என் வாத்துகளுக்காகக் காயவைக்கச் சொன்னேன் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னான். இன்ஸ்பெக்டர் திரும்பினார். எத்தனை வாத்து என்றார். நாலு பாய்க் காந்தலைத் தின்ன வேண்டுமே என்று மனசுக்குள் ஒரு வேகக் கணக்குப் போட்டு, பன்னிரண்டு என்றான். நல்லது, வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன், எனக்கும் வாத்து பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மகாலிங்கத்திடம் ஒரு வாத்து முட்டைகூட இல்லை. அவன் பரம்பரைச் சைவம்.

புதன்கிழமை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஆற்றோரத்துக் கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்குப் போனான். அங்கே ஒரு பெரியவர் வாத்து வளர்த்தார். சைக்கிளின் முன்னும் பின்னும் கூடை கட்டி, பத்து வாத்துகளோடு, சட்டையெல்லாம் அசிங்கத்தோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தான். பத்துக்கு மேல் அவரிடம் இல்லை. கேட்டில் இருந்த காவல்காரர்கள் வெளியே போகிற உணவைத்தான் தடுப்பார்கள். உள்ளே வருகிற வாத்துக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கு உத்தரவில்லை, விட்டுவிட்டார்கள். அன்று மாலைக்குள் தோட்டம் முழுக்க அவனுக்கு 'வாத்துக் கிராணி' என்று பெயர் விழுந்துவிட்டது. ஏன் இந்தக் கூத்து என்று கொட்டகைப் பெண்களுக்குத் தெரியும். ஆனால் ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். கிராணி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று விரல் நீட்டி எண்ணினார். பத்துதானே இருக்கிறது என்றார். மகாலிங்கம், இரண்டைச் சாப்பிட்டுவிட்டேன் என்றான். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற பெரிய கிராணிக்கு இருமல் வந்துவிட்டது. மகாலிங்கம் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். மனுஷன் நன்றாக இருமினார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இன்ஸ்பெக்டர் நம்பினாரா? பாதி நம்பியிருக்கலாம். ஆனால் போகும்போது ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் காந்தலைக் காயவைக்கக் கூடாது. சூடு ஆறியதும் கேட்டுக்குப் பக்கத்தில் கொட்டி, காவல்காரன் கண்ணெதிரே வாத்துகளுக்குப் போட வேண்டும். அன்று மத்தியானமே முதல் படையல் நடந்தது. பத்து வாத்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்து, இத்தனை நாளாக யாருக்கோ உயிர் கொடுத்த சோற்றைக் கண்மூடித் திறப்பதற்குள் தின்று தீர்த்தன. மயிலம்மாள் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகாலிங்கத்துக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. அக்காளைக் காப்பாற்றப் போய்த் தம்பியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தான். அவள் பக்கத்தில் போய் நின்றான். அதுவரை அவளை நீ என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, என்னாலை இவ்வளவுதான் செய்ய முடிஞ்சுது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றான்.

"மாப்பு எதுக்கு? வாத்து தின்னட்டும் ஐயா. நான் இங்க நிக்கிறேன்லா" என்றாள் மயிலம்மாள். கொஞ்சம் கழித்து, "எங்கப்பா இருந்திருந்தாகூட எனக்கு இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுததை அந்தத் தோட்டத்தில் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

பரீட்சை வந்தது. சிரம்பானில் அதே மண்டபம், அதே மின்விசிறி. நாடகப் பகுதியில் இரண்டாவது கேள்வி: சீமாட்டி கடைசிக் காட்சியில் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை, உங்கள் சொந்தக் கருத்தை எழுதுக. பச்சைப் புத்தகத்தின் தொண்ணூற்று மூன்றாம் பக்கம் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. பலவீனமான பெண், அகந்தை. கையை எடுத்துவிட்டு உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அவள் முந்தானையில் கை துடைத்தது ஞாபகம் வந்தது. பிறகு மயிலம்மாள் சொன்னதை, தன்னால் முடிந்த நல்ல ஆங்கிலத்தில், எழுதினான். மூன்று பக்கம் போயிற்று. கவிதைக்கு வந்தபோது சன்னலை எழுதினான். மணி அடித்தபோதும் எழுதிக்கொண்டிருந்தான். தாளைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

மார்ச் மாதம் முடிவு வந்தது. இலக்கியத் தாளில் நல்ல தேர்ச்சி. அப்பாவுக்குத் தந்தி அடிப்பதற்கு முன்னால் கொட்டகைக்கு ஓடினான். மயிலம்மாள் விரலில் கொஞ்சம் சர்க்கரையை எடுத்து அவன் வாயில் போட்டாள். அந்தச் சர்க்கரையும் பங்கீட்டுச் சர்க்கரைதான். நாளைக்குப் போகிறேன் அக்கா, இதெல்லாம் நீங்கள் தந்தது என்றான். வாத்துகளை அவளிடமே விட்டுவிட்டுப் போனான்.

இனிமேல் அவன் என்று சொல்வது நன்றாக இல்லை. மகாலிங்கம் மாஸ்டர் ஆகிவிட்டார். சிரம்பானில் பயிற்சிக்குச் சேர்ந்துகொண்டே, வார முடிவில் தன்னைப் போல் தனியாகப் பரீட்சை எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். அவர்களில் பலர் கையில் அதே பச்சைப் புத்தகம். எல்லாரும் ஒப்பித்தார்கள். ஒரு முடிவுக்கு வந்து, ஆங்கில நாடகத்தையும் கவிதையையும் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்குத் தமிழில் தானே ஒரு உரை எழுத உட்கார்ந்தார். விளக்கம் கொஞ்சம்தான். பக்கத்துக்குப் பக்கம் கேள்விகள்: அந்தம்மா அப்போது எங்கே நின்றாள்? வேலைக்காரிக்கு விஷயம் தெரியுமா? பார்க்கிறவன் சன்னலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான்? யாருக்குப் பசிக்கிறது?

ஐம்பத்தேழு ஆகஸ்டில், நாடு சுதந்திரத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவர் நாடகப் பகுதியின் கடைசிப் பக்கத்துக்கான ஸ்டென்சிலை டைப்ரைட்டரில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் மயிலம்மாள் நின்றாள். புதுச்சேலை, கையில் ஒரு பை நிறைய வாத்து முட்டை. சைவக்காரர் வீட்டுக்கு முட்டை கொண்டுவந்ததை வந்த பிறகுதான் நினைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. சிரம்பான் போலீஸில் ஒருவரைப் பார்த்துவிட்டு நேரே வருவதாகச் சொன்னாள்.

"கிராணி ஐயா, அந்த நாடகத்துல தம்பி என்னா ஆனான்னு இல்லன்னீங்கல்ல. வந்துட்டான்னு எழுதிக்குங்க. உசுரோட வந்துட்டான்."

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவளே சொன்னாள். தங்கராஜு போன மாதம் கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக இருக்கிறான். சீக்கிரம் விட்டுவிடுவோம் என்று போலீஸில் சொல்கிறார்கள். காந்தல் வருவது நின்றுபோயிற்று, சேர்த்து வைத்ததும் தீர்ந்தது, பசி தாங்க முடியவில்லை, அதனால்தான் வந்தேன் என்கிறான்.

"நீங்க மட்டும் வாத்த விடலன்னா, எங்காந்தலத் தின்னுட்டே அவன் அங்கேயே கெடந்திருப்பான். என்னைக்காவது ஒரு நாளு சுட்டுத் தூக்கியாந்து போட்டிருப்பாங்க" என்றாள்.

அவள் போன பிறகு மகாலிங்கம் மாஸ்டர் மறுபடி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். பிறகு நாடகப் பகுதியின் கடைசிப் பத்தியில், சீமாட்டியை நாடு கடத்தினார்கள் என்ற வாக்கியத்துக்குக் கீழே ஒரு வரி அடித்தார். 'அவளுடைய தம்பி உயிரோடு வந்து சேர்ந்தான்.'

அந்த உரைநூல் ஸ்டென்சிலிலிருந்து அச்சுக்குப் போயிற்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு தேறினார்கள். வருஷம் தவறாமல் எந்த வாத்தியாராவது கடிதம் எழுதுவார்: நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது, அந்த வரி மூல நாடகத்தில் இல்லவே இல்லை, அடுத்த பதிப்பில் எடுத்துவிடவும். மாஸ்டர் எல்லாருக்கும் மரியாதையாக ஒரு தபால் அட்டை போடுவார்: தாங்கள் சொல்வது சரி, மூலத்தில் இல்லைதான், சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி.

அடுத்த பதிப்பிலும் தம்பி உயிரோடு வந்து சேர்ந்தான்.